நான் திருத்திய நாலு வாக்கியங்கள்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் அப்போது ஒரு கேள்வி வரும். அடிக்கோடிட்ட இரண்டு மூன்று சொற்களை எடுத்துவிட்டு, அதே பொருள் தரும் ஒரே வினைச்சொல்லை எழுத வேண்டும். 'புட் ஆஃப்' என்றால் 'போஸ்ட்போன்'. 'புட் அவுட்' என்றால் 'எக்ஸ்டிங்விஷ்'. மேற்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் முப்பத்தோரு வருடம் இதைச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் சரியாகவே எழுதினார்கள். பேசத்தான் வரவில்லை. எனக்கும் வரவில்லை. என் ஆங்கிலம் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கும், உட்காரத் தெரியாது.

பேசத் தெரிந்தவன் எங்கள் பி.டி. மாஸ்டர். தாம்பரத்தை ஒட்டிய கிராமத்துக் குடும்பம். நெல் விளைந்த நிலமெல்லாம் மனைகளாகிவிட்டன. சிறுவயதில் விமானப்படைத் திடலில் வடக்கத்தி வீரர்களோடு கால்பந்து ஆடி ஆடி ஆங்கிலம் பிடித்தவன். அங்கே விழுந்தவனைப் பார்த்து யாரும் 'அரைஸ்' என்று சொல்ல மாட்டார்கள். 'கெட் அப்' என்று கத்துவார்கள். அந்த 'அப்', 'டவுன்', 'ஆன்', 'அவுட்' எல்லாம் அவனுக்கு உடம்பிலேயே ஏறியிருந்தன. தமிழில் விட்டான் வேறு, விட்டுக்கொடுத்தான் வேறு, விட்டுப்பிடித்தான் வேறு என்று யாரும் சொல்லித்தராமலே நமக்குத் தெரிகிறதல்லவா, அப்படி.

வண்டலூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவான். பெருங்களத்தூர் சிக்னலில் நான் நிற்பேன். ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பிப்பான்.

"மச்சான், 'டாலரேட்'னா இன்னா?"

"பொறுத்துக்கொள்வது. ஏன்?"

"வூட்ல தங்கச்சி உன்னை டாலரேட் பண்ணிகினு கீதா, புட் அப் பண்ணிகினு கீதா? போய்க் கேளு. டாலரேட்னு சொன்னா அது பரீட்சைக்குச் சொல்றது. புட் அப்னு சொன்னாதான் மனசுல கீறது."

ஜி.எஸ்.டி. சாலையின் லாரிச் சத்தத்தையும் மீறிச் சிரிப்போம். ஒன்பது வருடம் அந்தப் பின் இருக்கையில் போனேன். என் வாழ்க்கையில் நன்றாக இருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பகுதி அந்தக் கால் மணி நேரங்களில்தான் இருக்கிறது.

ஒருநாள் ஆசிரியர் கூட்டத்தில் தலைமை ஆசிரியை என்னைப் பார்த்துக் கேட்டார். "பசங்க பி.டி. சார்கிட்ட மட்டும் எப்படி சார் இங்கிலீஷ்ல பேசறாங்க? உங்க கிளாஸ்ல வாயே திறக்க மாட்டேங்கறாங்களே!" குற்றமாகச் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வருடம் துணைத் தலைமை ஆசிரியர் பதவி காலியானது. பேச்சு எங்கள் இருவர் பெயரைச் சுற்றித்தான் இருந்தது. ஆண்டு விழாவில் விளையாட்டு அறிக்கையை வழக்கமாக நான் வாசிப்பேன். அந்த முறை அவனே வாசிக்கட்டும் என்றார் தாளாளர். எதற்காக என்று எல்லோருக்கும் புரிந்தது.

ஒரு தாளில் எழுதி என்னிடம் கொண்டுவந்தான். "மச்சான், நீ ஒரு தபா பாத்துக் குடு. மேடையில மானம் போவக் கூடாது."

மாவட்ட ஓட்டப் போட்டியில் தடுக்கி விழுந்து, எழுந்து, கடைசியாக வந்தாலும் ஓடி முடித்த ஒரு மாணவியைப் பற்றி எழுதியிருந்தான். அதில் நாலு வாக்கியங்கள். "ஷி ஃபெல் டவுன். ஷி காட் அப். ஷி டிட் நாட் கிவ் அப். ஷி கேரீட் ஆன்."

படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதைவிட நன்றாக அதைச் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சிவப்புப் பேனாவை எடுத்தேன். விழுந்தாள் என்பதற்கு 'கொலாப்ஸ்டு' என்று போட்டேன். எழுந்தாள் என்பதற்கு 'அரோஸ்'. கைவிடவில்லை என்பதற்கு 'டிட் நாட் ரெலின்க்விஷ்'. தொடர்ந்தாள் என்பதற்கு 'பெர்ஸிவியர்டு'. மேடைக்கு இப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன். சுத்தமாக வேறு தாளில் எழுதியும் கொடுத்தேன். அவன் தாள் என்னிடமே தங்கிவிட்டது.

"வாய்ல நுழையலையே மச்சான்."

"பழகினா வந்துடும்."

விழா அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். 'கொலாப்ஸ்டு' வரை வந்தான். 'ரெலின்க்விஷ்' இரண்டு தடவை உடைந்தது. 'பெர்ஸிவியர்டு'க்கு வந்தபோது பின்னால் பத்தாம் வகுப்புப் பையன்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். திடலில் அவன் குரலுக்கு ஓடி வருகிற அதே பையன்கள். அவன் நிறுத்தினான். தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் 'கேரீட் ஆன்' என்று உதட்டை அசைத்திருந்தால் போதும். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். வார் அவிழ்ந்திருக்கவில்லை.

பதவி எனக்கு வந்தது. "மேடையில பேசத் தெரிஞ்சவங்க வேணும் பாருங்க," என்றார் தாளாளர்.

அதற்குப் பிறகும் ஒரு வாரம் சிக்னலில் வந்து என்னை ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் பேச்சில்லை. அடுத்த திங்கட்கிழமை பள்ளி வாசலில் சொன்னான்: "நாளையிலேர்ந்து நான் வேற வழியா வரேன் சார்." அந்த 'சார்' இருபது வருடமாக மாறவில்லை. திடலில் பிறகு விசில் சத்தம் மட்டும்தான் கேட்டது.

போன மாதம் மின்சார ரயிலேறி சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனேன். ஓய்வுபெற்ற பிறகு அங்கேதான் மகனோடு இருக்கிறான் என்று பழைய மாணவன் ஒருவன் சொல்லியிருந்தான். எனக்கு எழுபத்துநாலு ஆகிறது. இன்னும் தள்ளிப்போட நாள் இல்லை. 

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். முழங்காலில் உறை. என்னைப் பார்த்ததும் எழ முயன்றான்.

"வாங்க சார். உள்ள வாங்க."

அவன் மனைவி காபி கொண்டுவந்தார். ஊர்க்கதை பேசினோம். பேச்சு தீர்ந்ததும் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். அவனுடைய நீல எழுத்தும் அதன்மேல் என் சிவப்பும் அப்படியே இருந்தன.

"நீங்க எழுதினதுதான் சரி. அது அன்னைக்கே எனக்குத் தெரியும். பொறாமையில மாத்தினேன்," என்றேன். வழியெல்லாம் தயார்செய்த வேறு வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை.

கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தான்.

"இருபது வருஷம் கழிச்சு பேப்பர் திருத்திக் குடுக்கறீங்க. நல்ல வாத்தியார் சார் நீங்க."

அவன் தாளை மடித்தான்.

"எனக்கும் அன்னைக்கே தெரியும். மேடை ஏறும்போதே இது நம்ம வார்த்தை இல்லைன்னு தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் அதையே படிச்சீங்க?"

"நீ எழுதிக் குடுத்தது. அதான் படிச்சேன்."

நீ என்றான். கவனித்துச் சொன்னானா, தவறி வந்ததா தெரியவில்லை. உடனே, "காபி ஆறுது, குடிங்க சார்," என்றான்.

நான் அவன் மனைவியிடம் கேட்டேன், இப்போதெல்லாம் ஆங்கிலம் பேசுகிறானா என்று. "எங்க சார்! பேரப் பசங்ககிட்டகூட பேச மாட்டாரு. பக்கத்து வூட்டு ஆடு ஒண்ணு கீது, அதாண்ட மட்டும் பேசுவாரு," என்று சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. தாளைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கப் போகவில்லை என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைத்திருந்தேன். வெளியே வரும்போதுதான், எவ்வளவு எதிர்பார்த்திருந்தேன் என்று தெரிந்தது.

"பாத்துப் போங்க சார்," என்றான்.

காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி நாலடி நடந்திருப்பேன். உள்ளே ஏதோ பூந்தொட்டி உருண்டது. அடுத்த நொடி அந்தக் குரல், முழுத் திடலுக்கும் கேட்கும் அதே குரல், வெடித்துக் கிளம்பியது.

"ஏய்! கெட் டவுன்! கம் ஆன், கெட் டவுன் ஐ சே!"

ஆடு படியிலோ திண்டிலோ ஏறியிருக்க வேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் அசையாமல் நின்றேன். ரயில் வரும் நேரம் ஆகிவிட்டது. அந்த ஆடு இன்னொரு முறை ஏறட்டும் என்று காத்திருந்தேன்.