அண்ணன் முறை

ஏற்காடு பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஆள் யாராவது வந்து நின்றால், பெரியப்பா மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் போய், "ஏனுங்க, நீங்க எந்த வகையறாங்க?" என்று ஆரம்பிப்பார். இன்றும் அங்கே இறங்கினால் அந்தக் குரல்தான் எனக்கு முதலில் கேட்கிறது. ஊருக்கு வந்த சந்தோஷம் அதோடு போய்விடுகிறது. அவர் என் அப்பாவின் அண்ணன். சேர்வராயன் மலையில் எங்கள் சனத்துக்கு வகையறாதான் குடும்பப் பெயர். என்றோ சடை வளர்த்திருந்த ஒருவரின் வழியில் வந்ததால் நாங்கள் சடையன் வகையறா. ஒரே வகையறா என்றால் பங்காளிகள், ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை. வேறு வகையறா என்றால் மாமன் மச்சான், பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். எவரையும் அடுத்த பஸ் வருவதற்குள் இந்த இரண்டில் ஒன்றில் அடைத்துவிடுவார் பெரியப்பா. ஊரே வாயைப் பிளக்கும். நானும் ஒரு காலத்தில் பிளந்தவன்தான்.

எழுபதுகளின் கடைசியில் என் அக்காவுக்கு மஞ்சக்குட்டையில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர். இருவருக்கும் முன்பே ஒருவரையொருவர் பிடித்துப்போயிருந்தது. அது தெரிந்துதான் அப்பா சம்மதித்தார். அவர்கள் பூசன் வகையறா, அதனால் தடையில்லை. சேலம் போய்ச் சேலைகூட எடுத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, சேர்வராயன் கோயில் திருவிழாவில் பெரியப்பா எந்தக் கிழவரிடமோ பேச்சுக் கொடுத்துத் தோண்டியிருக்கிறார். மாப்பிள்ளையின் முப்பாட்டன் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவராம். பெண்டாட்டி வீட்டு வகையறாவையே தன்னுடையதாக்கிக்கொண்டாராம். பிறப்பில் அவர் சடையனாம். கூட்டத்தின் நடுவிலேயே அப்பாவைக் கூப்பிட்டு, "பேரு மாறுனா ரத்தம் மாறுமா? அண்ணனுக்கே தங்கச்சியக் கட்டி வெக்கப் போறியா?" என்று கேட்டார். கல்யாணம் நின்றது. பெரியப்பாவின் வகையறா ஞானத்தை மலை முழுக்க மெச்சினார்கள்.

அக்காவை வாழவந்தியில், மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தோம். அவர் கெட்டவர் இல்லை. அதற்குமேல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சந்தையிலோ பஸ்ஸிலோ ஜீப்காரரைப் பார்க்க நேர்ந்தால், அக்கா அவரை அண்ணா என்றே கூப்பிடுவாள். மகள் பிறந்ததும் அவளுக்கும் அவரை மாமா என்றே சொல்லிப் பழக்கினாள். அம்மாவின் அண்ணன் மாமாதானே.

எண்பதுகளின் இறுதியில் பெரியப்பா தன் மகனுக்குப் பெண் எடுத்தார். அதே வீட்டில். ஜீப்காரரின் கடைசித் தங்கையை. அதற்குள் அவர்களுக்குக் காப்பித் தோட்டமும் ஆரஞ்சுத் தோப்பும் சேர்ந்திருந்தன. அப்பா தயங்கித் தயங்கிப் பழைய கதையை நினைவுபடுத்தினார். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவனுக்குப் போன வீட்டு வகையறாதான், இத்தனை தலைமுறை கழித்துப் பங்காளியாவது ஒன்றாவது என்று பெரியப்பா சிரித்தார். முகத்தில் கொஞ்சமும் கூச்சமில்லை. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை, அவர் போய்ச் சேர்ந்த பிறகும்.

கல்யாணப் பந்தியில் ஜீப்காரரைக் கண்டதும் அக்கா மகள் மாமா என்று கத்திக்கொண்டே ஓடினாள். பெரியப்பா அவளைப் பிடித்து நிறுத்தினார். முறை தவறினால் அவருக்குப் பொறுக்காது.

"மாமான்னு கூப்பிடக் கூடாது கண்ணு. அவுங்க ஊட்டுல பொண்ணு எடுத்துட்டோம். இனிமே அவரு உங்கம்மாளுக்குக் கட்டிக்கிற முறை. உனக்குச் சித்தப்பா ஆகோணும்."

ஜீப்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள்.

"அண்ணன்னு நெனைக்கச் சொன்னீங்க. அப்பிடி நெனைச்சுப் பழகறதுக்குள்ள எனக்குப் பாதி உசுரு போயிருச்சுங்க பெரியப்பா. இனி மாத்தறதுக்கு என்னால ஆகாதுங்க."

அவள் குரல் உயரவில்லை. மகள் பக்கம் திரும்பி, மாமாவுக்கு ஒரு இலை போடச் சொன்னாள்.