கீறல் விழாத முகம்

எங்கள் அத்தையை நம்பி அடுப்பில் பால் வைத்துவிட்டு நகர முடியாது. கண் என்னவோ பால் மேல்தான் இருக்கும். கால்கள் மட்டும் அடுப்படியில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் போய் வந்துகொண்டிருக்கும். இடது கால் ஒரு அடி நகரும், வலது கால் ஓடிப்போய் அதன் பக்கத்தில் சேர்ந்துகொள்ளும், மறுநொடி இரண்டும் எதிர்ப்பக்கம் திரும்பும். பால் பொங்கி வழிந்த பிறகு, "காலுல சக்கரமா கட்டியிருக்கு? செத்த நேரம் ஒரு இடத்துல நில்லுடி!" என்று அம்மா கத்துவாள். கத்தி முடிப்பதற்குள் அத்தை கொல்லைக்குப் போயிருப்பாள்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு அப்பாதான் வளர்த்தார். எங்களுக்குத் திண்டுக்கல்லை ஒட்டிய ஆத்தூர்ப் பக்கம் கத்திரித் தோட்டம். அத்தை தினமும் பஸ் ஏறித் திண்டுக்கல்லில் காலேஜ் படித்தாள். படிக்கப் போன இடத்தில் குத்துச்சண்டையில் சேர்ந்துவிட்டாள். விஷயம் தெரிந்த அன்றைக்கு வீடு ரெண்டுபட்டது. அப்பா குதித்தார், அத்தை மூன்று நாள் சோறு தின்னவில்லை. நான்காம் நாள் அப்பா இறங்கி வந்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"மூஞ்சியில ஒரு கீறல் விழுந்துச்சுன்னு வையி, அன்னையோட எல்லாத்தையும் மூட்டை கட்டிரணும். நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகப்போற புள்ள நீ."

அத்தையின் ஆட்டத்தை உருவாக்கியது அவளுடைய மாஸ்டர் இல்லை, அப்பாவின் இந்தப் பேச்சுதான் என்பேன். மற்ற பெண்கள் ஓங்கிக் குத்தப் பழகினார்கள். அத்தை, குத்து வந்து சேரும்போது அங்கே இல்லாமல் இருக்கப் பழகினாள். தோட்டத்தில் கத்திரிப் பாத்திகளுக்கு நடுவே நின்றுகொண்டு என்னை எறியச் சொல்வாள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகாத சொத்தைக் கத்திரிக்காய் ஒரு கூடை என் பக்கத்தில் இருக்கும். எனக்கு ஒன்பது வயது, கை நிறைய ஆத்திரம். வலது பக்கம் பார்த்து எறிந்தால் இடது பக்கம் நிற்பாள், இடது பக்கம் எறிந்தால் சிரித்துக்கொண்டே வலது பக்கம் நிற்பாள். ஒரு காய்கூட அவள்மேல் பட்டதில்லை. எங்க அத்தையை ஊர் உலகத்தில் ஒருத்தியும் தொட முடியாது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருடம் பழனிப் பக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது. எங்கள் ஆட்கள்தான், ரெண்டு தலைமுறைக்கு முன்னால் அங்கே போய்க் குடியேறியவர்கள். பேச்சில் ‘ங்க’ ஒட்டிக்கொண்டுவிட்டது. தென்னந்தோப்பு, ஒரே பையன், கோயம்புத்தூர் மில்லில் சூப்பர்வைசர். பெண் அதிர்ந்து நடக்காது என்று அப்பா போனில் அளந்ததைக் கேட்டு அம்மாவே வாயைப் பொத்திக்கொண்டாள். குத்துச்சண்டை பற்றி மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. கல்யாணம் முடிந்தால் காலேஜ் வேண்டாம், வீட்டோடு இருந்தால் போதும் என்று மாப்பிள்ளையின் அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அதற்கு முதல் நாள், சனிக்கிழமைதான் அத்தைக்கு மாவட்டப் போட்டியின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அடுத்த மாதம் மாநிலப் போட்டி. அங்கே நன்றாக ஆடினால் போலீஸ் வேலைக்கே வழி உண்டு என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அத்தை அப்பாவிடம் கெஞ்சினாள், அழுதாள், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். இந்த முறை அப்பா அசையவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று, சனிக்கிழமை ஆட்டத்தோடு எல்லாவற்றுக்கும் முழுக்கு என்று முடித்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அத்தையின் கால்கள் தரையில் பாவவே இல்லை. சாப்பிடும்போதுகூட நின்றுகொண்டு, நகர்ந்துகொண்டே சாப்பிட்டாள். பார்த்துப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. எனக்கோ கல்யாணமும் வேண்டும், கோப்பையும் வேண்டும். கல்யாணத்துக்குப் பட்டுப்பாவாடை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்களே!

சனிக்கிழமை என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் இடம் கிடந்தும் அத்தை உட்காரவில்லை. போட்டி நடந்த மண்டபத்தில் தகரக் கூரை கொதித்தது. எதிரே வந்தவள் வத்தலக்குண்டுக்காரி, அத்தையைவிட ஒரு சாண் உயரம். அவள் கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி இருந்தது. ஆனால் அத்தையைப் பிடிக்க வேண்டுமே! முதல் ரவுண்டிலும் ரெண்டாவது ரவுண்டிலும் அந்தப் பெண் காற்றைத்தான் குத்தினாள். அத்தை இடமும் வலமுமாக வழுக்கிப் போவதும், போகிற போக்கில் அவள் விலாவில் ஒன்று வைப்பதுமாக இருந்தாள். எனக்குப் பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்ததாக ஞாபகமே இல்லை.

ரெண்டு ரவுண்டும் நம்முடையதுதான், மூன்றாவதில் அடி வாங்காமல் சுற்றிவந்தால் போதும் என்று மாஸ்டர் சொன்னது என் காதிலும் விழுந்தது. அத்தை அப்படித்தான் சுற்றிவந்தாள். ஆட்டம் முடிய இன்னும் பத்து விநாடி என்பதற்கு, மேசையில் உட்கார்ந்திருப்பவர் மரக்கட்டையால் தட்டுவார். டக் டக் என்று தட்டினார். ஜெயித்தாச்சு! எனக்குத் தாங்கவில்லை. நாற்காலிமேல் ஏறி, தொண்டை கிழிய "அத்தே!" என்று கத்தினேன்.

அத்தையின் கால்கள் நின்றன. ரெண்டும் சேர்ந்தாற்போல் நின்றன. முகத்துக்கு முன்னால் இருந்த கைகள் மெல்ல இறங்கின. அவள் என் பக்கம் திரும்பவில்லை, எதிரே நின்றவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வத்தலக்குண்டுக்காரியே ஒரு கணம் திகைத்துப்போனாள். பிறகு, வைத்தாளே ஒரு குத்து! தலைக்கவசம் மூக்கை மறைக்காது. ரத்தம் சட்டையில் சொட்ட, நடுவர் அத்தையின் முகத்துக்கு எதிரே விரலை நீட்டி எட்டு வரை எண்ணினார். அதோடு மணி அடித்துவிட்டது.

அத்தையின் கையைத்தான் நடுவர் தூக்கினார். நான் கை தட்டவில்லை. நாற்காலிமேல் நின்றபடியே அழுதுகொண்டிருந்தேன். யாராலும் தொட முடியாத அத்தையை நான் கூப்பிட்டே குத்து வாங்க வைத்துவிட்டேன். மூஞ்சியில் அடி பட்டாயிற்று, இனி அப்பா மனசு மாறி அவளை விளையாட விட வழியே இல்லை. மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, "எதுக்குத்தா நின்ன? எதுக்கு நின்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அத்தை பஞ்சால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள்.

வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டுமா? அப்பா தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். அம்மா ராத்திரி முழுக்க ஒத்தடம் கொடுத்தும், விடிந்தபோது மூக்கு கொழுக்கட்டை மாதிரி வீங்கி, ஒரு கண் மூடிக் கிடந்தது. வர வேண்டாம் என்று சொல்லலாம் என்றால், அவர்கள் பழனியிலிருந்து வேன் ஏறிவிட்டார்கள். அம்மா ஒரு டப்பா பவுடரையும் அப்பினாள். தென்னை மட்டை விழுந்துவிட்டது என்று சொல்வதாக முடிவாயிற்று.

காபித் தட்டோடு அத்தை வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த பஜ்ஜியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, மட்டை விழுந்தா தலையிலல்லங்க விழோணும்? மூக்குல எப்படிங்க?"

"அது வந்து... மேல பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க" என்றார் அப்பா. அவருக்கும் ‘ங்க’ தொற்றிக்கொண்டது.

நான் நடுவில் பாய்ந்தேன். "மட்டை இல்ல! குத்து! நான் கூப்பிட்டதாலதான் அத்தைக்குக் குத்து விழுந்துச்சு! இல்லாட்டி எங்க அத்தையை ஒருத்தியும் தொட முடியாது!" என்று அலறினேன். அலறியதோடு விட்டேனா? அத்தையின் மானத்தைக் காப்பாற்றும் வேகத்தில், விரித்திருந்த ஜமுக்காளத்தில் இடமும் வலமுமாகக் குதித்து, அவள் எப்படி ஆடுவாள் என்று அவர்களுக்கு ஆடியும் காட்டினேன். அப்பா என்னைப் பிடிக்க வந்தார். அவரிடமிருந்தும் ரெண்டு தடவை விலகினேன்.

போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். தகவல் இன்றுவரை வரவில்லை. வேன் தெரு முனை திரும்பியதும் என் முதுகில் நாலு விழுந்தது. பிறகு அப்பா அத்தையைப் பார்த்துக் கத்தினார்:

"இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இனி எவன் வீட்டு வாசல்ல போயி நான் நிக்கிறது? போ! போயி குத்திக்கிட்டே கெட!"

"சரிண்ணே" என்றாள் அத்தை. அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் அத்தை கொல்லையில் கயிற்றுக்கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். அவள் கால்கள் அசையாமல் கிடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குப் பயமாகப் போய்விட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நான் கூப்பிட்டதாலதான அத்தே நின்ன? என்மேல கோவமா?" என்று விம்மினேன்.

திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். சிரிக்கப் பார்த்து, மூக்கு வலித்து, "ஸ்ஸ்" என்று பிடித்துக்கொண்டாள்.

"நீ கூப்பிட்டியா? எனக்குக் கேக்கவே இல்லயே தாயி."

என்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். இம்புட்டு நல்ல அத்தையை அடி வாங்க வைத்துவிட்டோமே என்று அவள் வயிற்றில் முகம் புதைத்து இன்னும் சத்தமாக அழுதேன். அந்த ரெண்டு நாளில் எங்கள் வீட்டில் எத்தனையோ பேச்சு பேசினோம். அதில் அத்தை சொன்ன அந்த ஒன்றுதான் நிஜம் என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.