முத்துக்குமாரு மாஸ்டரும் பட்டிப்பொங்கலும்

உடுவில் முத்துக்குமாரு மாஸ்டருக்குச் சனி பகவானோடு ஒரு பகையும் இல்லை. சாதகத்தில் அது தெளிவாக எழுதியிருந்தது. அவருக்குப் பகை பண்டிகைகள்தான்.

ஊரில் உள்ள ஆங்கிலப் பாடசாலை ஒன்றில் பதின்மூன்று ஆண்டுகளாக அவர் ஆங்கிலம் படிப்பித்துவந்தார். வயது முப்பத்தாறு. கலியாணம் ஆகவில்லை. அதற்குக் காரணம் அவருடைய முகம் என்று சிலர் சொன்னது அநியாயம். முதலாவது சம்பந்தம் எம்பயர் டேயால் போயிற்று. பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்த வேளையில், மாப்பிள்ளை சக்கரவர்த்தியின் கொடியைத் தூக்கிக்கொண்டு வைகாசி வெயிலில் மாணாக்கருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். இரண்டாவது சம்பந்தத்தை நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், கொண்டுபோயிற்று. நத்தார் நாளில் வெண்பனி கொட்டும் என்று ஆங்கில வாசிப்புப் புத்தகம் சொன்னது. அது எப்படிக் கொட்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்டும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. மாஸ்டர் மூன்று தலையணைகளைக் கிழித்து இலவம்பஞ்சைப் பறக்கவிட்டார். அந்நேரம் பார்த்து வாசலில் வந்து நின்ற பெண்ணின் மாமன், தலையும் மீசையும் புருவமும் வெளுத்த ஒருவரைக் கண்டு, "ஆளுக்கு வயது போட்டுது" என்று திரும்பிப் போய்விட்டார்.

ஆகவே 1937ஆம் ஆண்டு தை பிறக்க இருந்தபோது மூன்றாவது சம்பந்தம் வந்ததைப் பற்றி மாஸ்டரின் தமக்கை பராசக்தி வெளியே மூச்சுவிடவில்லை. இருட்டிய பிறகு தம்பியின் காதுக்குள் சொன்னாள்.

"சாவகச்சேரிக் கதிரவேலரின்ரை மகள், அருந்ததி. பத்துப் பொருத்தத்திலை எட்டுச் சரி. பட்டிப்பொங்கலண்டு பகல் பன்னிரண்டுக்கு முன்னம் நீ அங்கை நிக்கவேணும்."

"ஏன் அக்கா, அடுத்த நாள் போனாலென்ன?"

"அடுத்த நாள் கொழும்பிலையிருந்து ஒரு கிளாக்கர் மாப்பிள்ளை வாறான். உன்னை முதல் பாக்கப்போகினம் எண்டதே பெரிய காரியம். வந்தா நீ, வராட்டி அவன்."

தைப்பொங்கலுக்குப் பாடசாலை ஒரு நாள் மூடும். அடுத்த நாளான பட்டிப்பொங்கலுக்கு, அதாவது மாடுகளுக்குப் பொங்கும் நாளுக்கு, விடுமுறை கிடையாது. மாஸ்டர் பாடசாலை மனேச்சரிடம் போனார். மனேச்சர் தியாகலிங்கம் தொழிலால் பிறக்கிராசி. கோட்டில் வழக்குப் பேசிப் பேசி, வீட்டில் குழம்புக்கு உப்புக் குறைந்தாலும் அத்தாட்சி கேட்கும் மனிதர்.

"சொந்த அலுவலுக்கு லீவு தரேலாது, மாஸ்டர். ஆனால் அது உண்மையிலை ஒரு பண்டிகை எண்டால் முழுப் பள்ளிக்கூடத்தையும் மூடலாம். அதின்ரை தோற்றம் என்ன? வழக்கங்கள் என்ன? பிள்ளையள் பாடமாக்கக்கூடிய மாதிரி இங்கிலீசிலை ரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வாரும். பாப்பம்."

மாஸ்டர் மகிழ்ந்தார். இந்த மகிழ்ச்சியைத்தான் சோதிடர்கள் எவரும் முன்கூட்டிக் கண்டுசொல்வதில்லை.

வழக்கங்கள் அவருக்குத் தெரியும். தோற்றம்தான் தெரியாது. கிறிஸ்துமஸின் தோற்றம், ஈஸ்டரின் தோற்றம், வெள்ளைக்காரர் அப்பம் சுடும் செவ்வாய்க்கிழமையின் தோற்றம் எல்லாம் வாசிப்புப் புத்தகத்தில் பக்க எண்ணோடு அவருக்குப் பாடம். தன் வீட்டுக் கொட்டிலில் நடக்கும் பண்டிகைக்குப் பக்க எண் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் சண்முகநாதனிடம் போனார். அவரிடம் ஒரு வெள்ளை எருது இருந்தது.

"அண்ணை, பட்டிப்பொங்கல் எப்பிடித் தொடங்கினது?"

"விடியப்புறம் மாட்டைக் குளிப்பாட்டித்தான்."

"அதில்லை. ஆதியிலை."

"ஆதியிலையும் குளிப்பாட்டித்தான் இருப்பினம், மாஸ்டர். ஊத்தை மாட்டுக்கு ஆர் பொட்டு வைக்கிறது?"

"காரணம் என்ன எண்டு கேக்கிறன்."

சண்முகநாதன் எருதைப் பார்த்தார். "வரியம் முழுக்க உழுகுது, கிணத்திலை தண்ணி இறைக்குது, வண்டி இழுக்குது. ஒரு நாள் சும்மா இருக்கட்டும் எண்டு விடுறம். இதுக்கும் ஒரு காரணம் வேணுமே?"

மாஸ்டர் அதையே ஆங்கிலத்தில் எழுதினார். அன்று எருதின் கழுத்தில் நுகம் ஏறக்கூடாது. சந்தனமும் குங்குமமும் மாலையும்தான் ஏறவேண்டும். பொங்கலின் முதல் பிடி எருதுக்கே. உழைக்கும் உயிருக்கு ஒரு நாளாவது ஓய்வு கொடுக்காதவன் மனிதனல்லன். கடைசி வசனத்தை எழுதும்போது அவர் கண் சற்றே கலங்கியது. அருந்ததிக்காக எழுதியதால் நடை நன்றாக வந்துவிட்டது.

அங்கேதான் பிழை நேர்ந்தது. சுமாராக எழுதியிருந்தால் பிறக்கிராசி ஒரு நாளை எழுதிக் கொடுத்துவிட்டு மறந்திருப்பார். அவரோ இரண்டு தரம் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மாஸ்டர், இது அருமையான பாடம்! இதை வீட்டிலை விட்டு வீணாக்கப்படாது. பிள்ளையள் எல்லாரும் அண்டைக்குப் பள்ளிக்கூடம் வரவேணும். பள்ளிக்கூட முத்தத்திலை ஒரு மாட்டைக் கட்டிப் பொங்கி, நீர் எழுதினபடி ஒவ்வொண்டாச் செய்து, இங்கிலீசிலை விளங்கப்படுத்தும். நானும் வாறன்."

"ஐயா, எனக்கு அண்டைக்கு..."

"நீர் இல்லாமல் ஆர் ஐயா விளங்கப்படுத்திறது?"

அன்று பாடசாலைக்குப் போகாவிட்டால் வேலை போகும். வேலை போனவனுக்குக் கதிரவேலர் பெண் கொடுக்கமாட்டார். போனால் சாவகச்சேரிக்குப் போகமுடியாது. அப்போதும் பெண் இல்லை. மாஸ்டர் இதை இரவு முழுவதும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் கிளாக்கரே தெரிந்தான்.

பட்டிப்பொங்கல் காலையில் பாடசாலை முற்றத்தில் வெள்ளை எருது மாலையோடு நின்றது. பானை, விறகு, அரிசி எல்லாம் முதல்நாட் காலையிலேயே சண்முகநாதனின் வண்டியில் வந்து இறங்கியிருந்தன. மாஸ்டர் பொட்டு வைத்தார். மாணாக்கர் ஆங்கிலத்தில் ஒரே குரலில் சொன்னார்கள்: "இன்று விடுமுறை நாள். இன்று எவரும் எருதிடம் வேலை வாங்குவதில்லை." பிறக்கிராசி தலையாட்டினார்.

அந்த வேளையில் பட்டணம் போகும் பஸ் தெருவால் போயிற்று. அதில் சாவகச்சேரிக்குப் போவதற்காகத் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு பராசக்தி தனியே இருந்தாள். மாஸ்டர் கை காட்டினார். பிள்ளைகள் அதையும் பாடத்தில் ஒரு பகுதி என்று எண்ணி, எல்லோரும் கை காட்டினார்கள்.

பின்னேரம் எல்லோரும் போனபின், பானையை வண்டியில் ஏற்றிய மாஸ்டர் எருதை அவிழ்க்கப் போனார். சண்முகநாதன் மறித்தார்.

"இண்டைக்குப் பூட்டப்படாது, மாஸ்டர். இங்கிலீசிலை எழுதினதே நீங்கள்தானே?"

"அப்ப வண்டியை ஆர் இழுக்கிறது?"

சண்முகநாதன் ஒரு பக்கத்து நுகத்தடியைத் தான் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கத்தைப் பார்த்தார்.

இருவரும் இழுத்துக்கொண்டு சந்திக்கு வந்தபோது பஸ்ஸிலிருந்து பராசக்தி இறங்கினாள். நுகத்தடியையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னவாம் அக்கா?"

"மாப்பிள்ளைக்கு இண்டைக்குப் பள்ளிக்கூடம் எண்டு சொன்னன். கதிரவேலர் சிரிச்சார். 'மாட்டுக்கே லீவு விடுற நாளிலை லீவு எடுக்கேலாதவருக்கு என்ரை பிள்ளையைக் குடுத்து என்ன செய்யிறது?' எண்டார். நாளைக்குக் கிளாக்கர் வாறானாம்."

மாஸ்டர் சொல்லக்கூடியதை எல்லாம் ஏற்கெனவே இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்.

பராசக்தி தாம்பாளத்தை வண்டியில் வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் போனாள்.

"சரி, இழு தம்பி. நான் தள்ளுறன்."

எருது மாலையை மென்றபடி முன்னால் ஆறுதலாக நடந்துபோயிற்று.