நன்சல்மா எடை போட்ட புல்

மந்தை இல்லாதவர் யாருமே இல்லாத அந்த மங்கோலியப் புல்வெளியில், நன்சல்மாவிடம் மட்டும் ஓர் ஆடுகூடக் கிடையாது. அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு கொடும் பனிக்காலத்தில் வீட்டு மந்தை மொத்தமும் நின்ற இடத்திலேயே விறைத்துச் செத்தது. அதன்பிறகு ஆடு வளர்க்க அவளுக்கு மனம் வரவில்லை. நகரத்துக்குப் போய்ப் படித்தாள். திரும்பி வந்தபோது புல் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளக்கும் ஆராய்ச்சி நிலையத்து வேலையும் இரண்டு இரும்புத் தொட்டிகளும் கூடவே வந்தன.

தொட்டிகளைத் தரைமட்டத்துக்குப் புதைத்து, சுற்றிலும் வேலி போட்டாள். ஒன்றில் வேரோடு பெயர்த்து வைத்த புல். மற்றதில் வெறும் மண். தினமும் காலையில் கப்பியில் சங்கிலி மாட்டித் தூக்கி, தராசு முள்ளில் எடை பார்ப்பாள். மழையில்லாத நாளில் எடை குறைந்தால், குறைந்தது காற்றோடு போன தண்ணீர். மண் தொட்டி இழந்ததைவிடப் புல் தொட்டி எவ்வளவு கூடுதலாக இழந்ததோ, ஏறக்குறைய அவ்வளவும் புல் குடித்து இலைவழியே வெளியே விட்டது.

"புல்லுக்கு எடை போடுற பொம்பளை, அவளை எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்று குதிரை மேய்க்கிறவர்கள் சிரித்தார்கள். நாற்பது வயதாகியும் யாரும் கேட்டு வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு கோடையில் புழுதிக்காற்று வேலியைச் சாய்த்தது. தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பி வந்து பார்த்தால், பக்கத்துக் கூடாரத்துக் கொம்போசுரனின் வெள்ளாடுகள் தொட்டிப் புல்லை மொட்டையடித்துவிட்டு அசைபோட்டுக்கொண்டிருந்தன. மனைவியை இழந்த மனிதன் அவன். அதிகம் பேசாதவன்.

"ஐயோ, பாவி ஆடுங்களா! ரெண்டு மாச உழைப்புய்யா இது!"

ஆடுகளைத் தேடி ஓடிவந்த கொம்போசுரன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தான். "மன்னிச்சிருங்க. இந்தப் புல்வெளி முழுக்கப் புல்லு கிடக்கு, இதுங்களுக்கு உங்க தொட்டிதான் கிடைச்சுது."

"சிரிக்காதீங்க!"

"நான் சிரிக்கலைங்க. என் மூஞ்சியே அப்படித்தான்."

அவளுக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தொட்டியை மூடிவிடலாமா என்று யோசித்தாள். ஆனாலும் மறுநாளும் சங்கிலியை மாட்டினாள். இலை போன தொட்டி முன்போல் தண்ணீரை விடவில்லை. மண்ணில் ஈரம் கூடுதல் நாள் தங்கியது. பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று உறைத்தது. வேலிக்கு வெளியே இருக்கிற புல்லெல்லாம் கடிபட்ட புல். வேலிக்குள் ஆடு தொடாமல் வளர்த்த புல்லை எடை போட்டுவிட்டு, புல்வெளி முழுக்க இவ்வளவு தண்ணீர் போகிறது என்று இத்தனை நாள் சொல்லியிருக்கிறாள்! நடந்ததை மறைக்காமல் நிலையத்துக்கு எழுதினாள். மேய்ந்த புல்லுக்கென்று மூன்றாவது தொட்டியும் வேண்டும் என்று கேட்டாள். இலையுதிர் காலத்தில் தொட்டி வந்தது.

அதை இறக்க ஆள் வேண்டியிருந்தது. கொம்போசுரன் ஒட்டகத்தோடு வந்தான். உப்புத் தேநீர் குடித்தபடியே கேட்டான்.

"இந்தத் தொட்டியில மேய ஆடு வேணுமில்ல?"

"வேணும்."

"அப்ப நான் தினம் வரணும்."

"வாரத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்."

"புல்லுக்குப் போதும், நன்சல்மா. எனக்குப் போதாது."

அவள் கிண்ணத்தை வாங்கி, கேட்காமலே மறுபடி நிரப்பிக் கொடுத்தாள்.

அடுத்த வசந்தத்தில் கல்யாணம் நடந்தது. முதல் ஆட்டுக்குட்டி பிறந்த குளிர்நாளில், அவள் அதைத் தன் மேலங்கிக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். அவன் அடுப்பில் சாண வறட்டியைக் கூடுதலாகப் போட்டான்.

இப்போதெல்லாம் சங்கிலி இழுப்பது அவன் வேலை. தராசு முள்ளைப் பார்த்து எண் சொல்வது அவள் வேலை.

"காலை எடுய்யா, தொட்டி மேல சாயாத!"

"சாயலடி, காத்துதான் தள்ளுது!"

மழை விழத் தொடங்கினால் மட்டும் சண்டை நிற்கும். இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு வெளியே நின்று நனைவார்கள்.