உப்பை நக்கிய நாய்

எங்கள் வீட்டுக்கு நாய் வரக் காரணம் தம்பியின் கால்கள்தான். மூன்றரை வயசு. கதவு திறந்திருந்தால் போதும், ஓடிவிடுவான். மரக்காணத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே உப்பளம். அதன் ஓரத்தில் உப்புத்தண்ணீர் தேக்கி வைக்கும் குட்டை, ஆள் ஆழம். அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே உப்புப் பாத்திக்குப் போனால், லாரிக்கு மூட்டை ஏற்றி முடித்து மத்தியானச் சோற்றுக்குத்தான் வருவார்கள். கோடை லீவில் அவனைப் பார்த்துக்கொள்வது, ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த என் பொறுப்பு. என் லட்சணம் அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் நாய்.

இரும்பை கிராமத்துப் பக்கம், கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பராமரிக்கும் இடம் ஒன்று இருந்தது. சித்தப்பாவின் லோடு வண்டியில் போனோம். அந்த இடத்தை நடத்திய பெண்மணி எங்களைத்தான் முதலில் விசாரித்தார். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், வேலி உண்டா, பையன் நாயை அடிப்பானா என்றெல்லாம் கேட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையை நிற்கவைத்துக் கேள்வி கேட்டதுபோல அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போனது.

அவர் காட்டியது ஒரு செவலை நாய். தம்பி காதைப் பிடித்து இழுத்தும் கொட்டாவிதான் விட்டது. "சின்னப் புள்ள இருக்கற வூட்டுக்கு இதுதாங்க சரி" என்றார்.

அப்பாவோ தனியாக ஒரு பரீட்சை வைத்திருந்தார். எங்கள் பாத்தி உப்பில் ஒரு பிடியைத் துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்தார். உப்பைத் தின்றது துரோகம் செய்யாது என்பது அவருடைய சட்டம். செவலை மோந்து பார்த்துத் தும்மியது. மற்றவை முகத்தைத் திருப்பிக்கொண்டன. கடைசிக் கூண்டிலிருந்த சாம்பல் நிறப் பொட்டை நாய் மட்டும் எழுந்து வந்து அவர் உள்ளங்கையைச் சுத்தமாக நக்கியது. நக்கும்போது அது அப்பாவைப் பார்க்கவில்லை. தம்பிக்குப் பக்கத்தில், அவன் உயரத்தில், வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த அம்மா தயங்கினார். "அது ஒரு மாதிரிங்க. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னா..."

"உப்பைத் தின்னுடுச்சும்மா. இனிமே எங்க வூட்டு நாய்" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். உப்பின் ருசி அவ்வளவு பழகிய நாய் ஏற்கெனவே வேறொரு வீட்டு உப்பைத் தின்றிருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒரு புத்திசாலிக் குடும்பம்.

வந்த நாய் குரைக்கவே இல்லை. காலையெல்லாம் வாசலில் படுத்திருக்கும். உச்சிவேளையில், பாத்திகள் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைக்கும் நேரத்தில், எழுந்து வரப்பில் நடக்கும். நாய் மாதிரி நடக்காது. இரண்டடி வைத்து நிற்கும். திரும்பிப் பார்த்துக் காத்திருக்கும். மறுபடி இரண்டடி. நடை பழகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். ஆனால் அதன் பக்கத்தில் யாரும் இல்லை. குட்டை அருகே போனதும் தண்ணீர் ஓரமாகச் சுற்றிவந்து, விலாவால் எதையோ கரைப்பக்கம் தள்ளும். அங்கே காற்றைத் தவிர ஒன்றும் கிடையாது. தள்ளிவிட்டு வாலை ஆட்டும்.

நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்ப்பேன். தம்பி மட்டும் வாசலில் நின்று அந்தப் பக்கம் பார்த்துச் சிரிப்பான், கையாட்டுவான். அம்மாவிடம் சொன்னேன். "வெயில் மண்டையில ஏறிடுச்சாடி உனக்கு?" என்றாள். மறுநாள் வாசல் நிலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின.

அன்று நான் டிவியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு ரொம்ப அமைதியாக இருப்பது தாமதமாகத்தான் உறைத்தது. ஓடினேன். குட்டைக்கரையில் நாய் உறுமிக்கொண்டிருந்தது. அதன் வாயில் தம்பியின் சட்டைக் காலர். கையில் கிடைத்த உப்புக்கட்டியை எறிந்தேன். விட்டுவிட்டு விலகி நின்றது. இரண்டு பேரும் கழுத்துவரை நனைந்திருந்தார்கள். தம்பி அழவில்லை.

அவனைத் துடைத்து, வேறு சட்டை மாட்டி, நனைந்ததைக் கொடியில் போட்டேன். அந்த வெயிலில் கால் மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. அம்மா கிழிந்த காலரைப் பார்த்துக் கேட்டதும் நாய் கடித்துவிட்டது என்றேன். தண்ணீர் என்று சொன்னால் நீ எங்கேடி போனாய் என்று வரும்.

"கடிச்சத நீ கண்ணால பாத்தியா?" என்று அப்பா கேட்டார்.

"பாத்தேன்."

மறுநாள் காலையே திருப்பிக் கொண்டுபோனோம். அந்த அம்மா தம்பியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பல் பட்ட தடம் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன். பிறகுதான் அப்பாவிடம் சொன்னார்: "அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க வுடல. இது உங்க மாதிரி ஒரு உப்பளத்து வூட்டு நாய்தாங்க. அங்க ஒரு பொம்பளப் புள்ள தண்ணியில வுழுந்து போயிடுச்சு. அவங்க ஊரையே காலி பண்ணிட்டாங்க. இது மட்டும் கரைய வுட்டு நகரல."

அம்மா தம்பியை இழுத்து இறுக்கிக்கொண்டாள். எங்கள் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான் புரிந்தது. ஒரு பிள்ளையைக் கொண்டுபோனது, அடுத்ததற்கு வந்திருக்கிறது. நாய் தானாகவே கூண்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

வண்டியில் திரும்பினோம். பாதி வழியில் தம்பி கேட்டான்: "இனிமே பாப்பாவ யாரு பாத்துப்பாங்க?" அம்மா அவன் வாயைப் பொத்தினாள்.

அந்தப் பாப்பா யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் தண்ணீரில் தள்ளுகிற எதுவும் தானும் குதித்துப் பின்கழுத்துச் சட்டையைக் கவ்விக் கரைக்கு இழுக்காது என்பது, என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே குட்டையோரம் நடந்த ஒரு நாளில்தான் உறைத்தது. அந்த நாய் ஒருமுறை பிந்திவிட்டது, இரண்டாம்முறை பிந்தவில்லை. அதைத்தான் 'கடித்தது' என்று நான் சொன்னேன். அன்று எனக்கு அது புரியவில்லை. புரிந்திருந்தால் மட்டும் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியவில்லை.