மெர்சி வந்திருக்கேன்

யார் வீட்டுக்குப் போனாலும் மெர்சி சித்தி வாசற்படியில் நின்று, "மெர்சி வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவாள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். "எந்த மெர்சி? என்கூடப் பொறந்தவளா, வேற ஆளா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள். சிரிப்பார்களே தவிர, பழக்கம் போகவில்லை.

அது கொரோனா வார்டில் வந்தது. சித்தி அங்கே நர்ஸ். தலைமுதல் கால்வரை மூடிய உடையில் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள். நோயாளிகள் பயப்படுவார்கள் என்று ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் போய்ப் பெயரைச் சொல்வாளாம்.

போன மாதம் தேவகோட்டையிலிருந்து செந்தாமரை என்ற அம்மா ஒருவர் போன் செய்தார். அந்த வார்டில் படுத்துப் பிழைத்தவர். புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போகிறார். சித்தியின் முகத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டுமாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சித்தி வரமாட்டேன் என்றாள்.

"அந்தம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில்ல கருப்பம்மான்னு ஒருத்தவுக. ஒருக்கா மூஞ்சியக் காட்டு தாயின்னு தெனமும் கேப்பாக. நீங்க வீட்டுக்குப் போறன்னைக்கு வாசல்ல வந்து காட்டுறேன்னு சொன்னேன். அவுக போகவே இல்ல. அவுகளுக்குக் காட்டாத மூஞ்சிய இன்னொருத்தருக்கு எப்படிடீ காட்ட?"

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனாலேயே எதற்கும் என்னிடம் ஒரு வழி இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். வாரக்கணக்கில் நச்சரித்தேன். அது அவளுக்காகவா, அந்தக் காட்சியைப் பார்க்கும் என் ஆசைக்காகவா என்று இன்னும் தெரியவில்லை.

கடைசியில் கிளம்பினாள். சேலையை மாற்றி மாற்றிக் கட்டினாள். பேருந்தில் கைக்கண்ணாடியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

பந்தலுக்குள் நான்தான் முந்திக்கொண்டு போனேன். செந்தாமரை ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டரு! இம்புட்டுச் சின்னப் பிள்ளையா நீங்க? அன்னைக்கு என்னா மெரட்டு மெரட்டுனீக!"

திரும்பிப் பார்த்தேன். சித்தி வாசலில் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"மெர்சி வந்திருக்கேன்."

செந்தாமரையின் கை என்மேலிருந்து நழுவியது. "இந்தக் கொரலு," என்றார். அவ்வளவுதான், ஓடிப்போய்ச் சித்தியின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். "இத மூடியா வச்சிருந்தீக?"

"அன்னைக்குப் பாத்திருந்தீகன்னா வேர்க்குருவும் தழும்புமா இருந்திருக்கும். பயந்து எந்திரிச்சு ஓடியிருப்பீக."

"அதுக்காச்சும் காட்டியிருக்கலாம்ல? சீக்கிரம் வீட்டுக்கு வந்திருப்பேன்."

பந்தலே சிரித்தது. உறவுக்காரர்கள் வரிசையாக வந்து முகத்தைப் பார்த்தார்கள். சித்தி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு நின்றாள். அப்படி ஒரு முகத்தை நானே அதற்குமுன் பார்த்ததில்லை.

கிளம்பும்போது கருப்பம்மாளின் ஆட்களைப் பற்றி விசாரித்தாள். மகள் திருப்பத்தூரில் இருப்பதாகச் செந்தாமரை சொன்னார்.

பேருந்தில் ஏறியதுமே நான் ஆரம்பித்துவிட்டேன். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் திருப்பத்தூர் போயிருவோம் சித்தி. அந்த மகளப் பாத்துட்டு வந்துருவோம்."

சித்தி கைக்கண்ணாடியைப் பைக்குள் வைத்தாள்.

"போவோம். ஆனா, மக பாத்தா கருப்பம்மா பாத்ததா ஆயிருமா?"