ராஜாவுக்கு மறந்தால் மந்திரி சொல்லணும்

போன செவ்வாய்க்கிழமை காலை, காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே திருடன் மாதிரி பதுங்கி நின்றேன். உள்ளே எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது என் மனைவி மீனாள்.

முப்பத்தாறு வயதில் பி.எட். படிக்கிறாள். அன்றைக்கு ஃபைனல் பிராக்டிகல். கடைசி பெஞ்சில் வெளியூர் எக்ஸாமினர், மார்க் ஷீட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவர் ஃபெயில் என்று எழுதினால் ஒரு வருஷம் போச்சு.

பாடமெல்லாம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். நாலு பேர் முன்னால் நின்றால்தான் கோளாறு... மறந்துவிடும். முதல் டீச்சிங் பிராக்டிஸில் பாதியில் அப்படியே நின்றுவிட்டாள். பிள்ளைகள் பாவம் பார்த்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்களாம்.

"படிப்ப நிறுத்தப் போறேன். நீங்க ஒண்ணும் சொல்லாதீக" என்று வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

அவள் நிறுத்துவதற்குள் கல்லூரி ஆண்டு விழா வந்துவிட்டது. பழைய ராஜா நாடகம் — சிம்மாசனம், அட்டைக் கிரீடம், செந்தமிழ் வசனம் எல்லாம் உண்டு. உயரமாக இருக்கிறாள் என்று இவளுக்கு மீசை ஒட்டி ராஜாவாக்கிவிட்டார்கள்.

நான் பயந்தபடியே இரண்டாவது சீனில் வசனம் மறந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். ராஜா என்ன செய்தார் தெரியுமா? மீசையை ஒரு தடவு தடவினார். மந்திரி வேஷத்தில் நின்ற தோழி பக்கம் திரும்பினார்.

"மந்திரியாரே! நாட்டில் மழை எப்படி?"

ஸ்கிரிப்டில் இல்லாத கேள்வி! மந்திரி பாவம், வாயில் வந்ததைச் சொன்னாள். "எங்க மன்னா... கம்மாயெல்லாம் காஞ்சு கெடக்கு!"

சிவகங்கைச் சீமையில் இதற்குக் கைதட்டாமல் வேறு எதற்குத் தட்டுவார்கள்? தட்டல் அடங்குவதற்குள் ராஜாவுக்கு வசனம் ஞாபகம் வந்துவிட்டது.

ஜன்னலுக்கு வருவோம். பாடம், நீர் ஆவியாதல். பத்தாவது நிமிஷம் மீனாள் நின்றாள். அவள் கை மெல்ல மேலுதட்டுக்குப் போனது — இல்லாத மீசையை ஒரு தடவு!

"ஏப்பா, மூணாவது பெஞ்சு! நம்ம கம்மாயில கெடந்த தண்ணியெல்லாம் எங்குட்டுப் போச்சு?"

"மாடு குடிச்சிருச்சு டீச்சர்!"

"மோட்டார் வச்சு உறிஞ்சிட்டாக டீச்சர்!"

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, "வெயிலு குடிச்சிருச்சு டீச்சர்" என்றாள்.

"அதேதான்!" என்றாள் மீனாள். விட்ட இடத்தைப் பிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு வண்டி நிற்கவே இல்லை.

பாடம் முடிந்ததும் எக்ஸாமினர் எழுந்து வந்தார். "பசங்களை நல்லா பேச வச்சீங்கம்மா. இது எந்த டீச்சிங் மெத்தட்?"

மெத்தட் பேரெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் இருக்குமா? மறுபடியும் மேலுதடு.

"நீங்க என்ன மெத்தட்னு நெனைக்கிறீக சார்?"

கால் மணி நேரம் விளக்கினார் மனிதர்! அதே சந்தோஷத்தில் மார்க்கும் போட்டுவிட்டுப் போனார்.

எனக்கு இப்போது ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில் நம்மைத் திடீரென்று எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்ட வாத்தியார்களில் எத்தனை பேருக்குப் பதில் மறந்துபோயிருக்கும்? மந்திரி உத்தியோகம் பார்க்கிறோம் என்று தெரியாமலே நடுங்கியிருக்கிறோம்!

இந்தப் பத்திக்கு நச்சென்று ஒரு கடைசி வரி வைத்திருந்தேன். மறந்துவிட்டது. மீசையைத் தடவிக்கொண்டு கேட்கிறேன்... நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?